டிபிஎஸ் செய்துகொண்டால் அப்பா ஆளே மாறிவிடுவாரா?

நீங்கள் கேட்டது இது: அப்பாவுக்கு 62 வயது, பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரை வேலை செய்யும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. டாக்டர் டிபிஎஸ் என்ற மூளை அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார். ஆனால் ஏற்கெனவே அதைச் செய்துகொண்ட ஒருவரின் மனைவி உங்கள் அம்மாவிடம், "நடுக்கம் போச்சு, கூடவே மனுஷனும் போயிட்டார்" என்று சொல்லியிருக்கிறார். மூளைக்குள் கம்பி வைத்தால் புத்தி மழுங்குமா, குணம் மாறுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரியாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அறிவு ஒட்டுமொத்தமாக மழுங்குவதில்லை. சொல்லைச் சட்டென்று தேடி எடுக்கும் வேகம் குறையலாம். இது அடிக்கடி நடப்பதுதான். மனநிலையும் நடத்தையும் மாறலாம், சிலருக்கு நல்லபடியாகவும் சிலருக்குத் தலைவலியாகவும். அந்த அம்மா சொன்னதும் பொய்யாக இருக்காது. அவர் கணவருக்கு என்ன ஆனது, அது எதனால் ஆனது என்பதை யாரும் அவருக்குப் பிரித்துச் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்த அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளுக்கு நினைவாற்றல், கவனம், மொழி ஆகியவற்றைச் சோதிப்பது என் வேலை. வீட்டாரோடு பேசும்போது நான் அதிக நேரம் செலவிடுவது இப்படிப் பிரித்துச் சொல்வதில்தான்.

டிபிஎஸ் என்பது ஆழ்மூளைத் தூண்டல். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எலக்ட்ரோடை மூளையின் அடிப்பகுதி வரை செலுத்துவார்கள். நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி இருக்கும். அதிலிருந்து நொடிக்குச் சுமார் 130 முறை மிகச் சிறிய மின்துடிப்பு போய்க்கொண்டே இருக்கும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட், போலக் இருவரும் 1987இல் நடுக்கத்துக்காக இதைத் தாலமஸ் என்ற மூளைப் பகுதியில் தொடங்கினார்கள். 1993இல் அதே குழு சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற இடத்துக்கு மாறியது. இன்று பார்க்கின்சனுக்கு மிக அதிகமாகத் தூண்டப்படுவது அந்த இடம்தான். அதற்கு முந்தைய காலத்தில் மூளையில் ஒரு புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். இரண்டு பக்கமும் அழித்தால் பேச்சும் சிந்தனையும் கெட்டுப்போகும் ஆபத்து அதிகம். "மூளை ஆபரேஷன்" என்றதும் பலருக்கு வரும் பயத்தில் அந்தக் காலத்தின் மிச்சம் நிறைய இருக்கிறது.

சப்தாலமிக் நியூக்ளியஸ் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு சின்னத் திரள். அதன் மேல்புற வெளிப்பகுதி அசைவுக்கு, நடுப்பகுதி சிந்தனைக்கு, உள்புறக் கீழ்நுனி உணர்ச்சிக்கு. இந்தப் பகுதிகளுக்கு நடுவே சுவரெல்லாம் கிடையாது, ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் இருக்கும். அசைவுக்காகக் கொடுக்கும் மின்சாரம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கசிந்தால் மனநிலையைத் தொட்டுவிடும். இனி நான் சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்குக் காரணம் இந்த நெருக்கம்.

மீதிப் பாதிக்குக் காரணம், அறுவைக்குப் பிறகு ஒரே சமயத்தில் மூன்று விஷயங்கள் மாறுவது. கம்பி ஒரு வழியாக உள்ளே போயிருக்கிறது. மின்சாரம் பாய்கிறது. மூன்றாவதாக, மாத்திரையை டாக்டர் வெகுவாகக் குறைத்திருக்கிறார், பல சமயம் பாதி வரைக்கும். இத்தனைக்கும் அடியில் பார்க்கின்சன் நோய் தன் போக்கில் முன்னேறிக்கொண்டே இருக்கிறது; டிபிஎஸ் அதை நிறுத்துவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் இதை எல்லாம் சேர்த்து "ஆபரேஷனுக்கு அப்புறம்" என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் வரும் காலம் வேறு, சரிசெய்யும் வழியும் வேறு.

சொல் வேகத்தை எடுத்துக்கொள்வோம். நாங்கள் செய்யும் ஒரு சோதனை மிக எளிமையானது: ஒரு நிமிடத்தில் 'க' வரிசையில் தொடங்கும் சொற்களை எத்தனை சொல்ல முடியுமோ அத்தனை சொல்லுங்கள், ஆள் பெயரும் ஊர் பெயரும் கூடாது. அறுவைக்கு முன் ஒருவர் "கல், கடல், கதவு, கண்ணாடி, கட்டில், காது, கால், காகம்" என்று முதல் பத்து வினாடியிலேயே கொட்டிவிடுவார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் "கல்... கடல்..." என்று நின்று, கூரையைப் பார்த்து, "கல்... சொல்லிட்டேனா?" என்பார். படத்தைக் காட்டிக் கேட்டால் காகம் என்று சொல்லிவிடுவார். சொல் தொலையவில்லை, அதைத் தேடி எடுக்க நேரமாகிறது. 2006இல் 28 ஆய்வுகளையும் 612 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில் மிதமான அளவுக்குத் தெளிவாகக் குறைந்தது இந்தத் திறன்தான். திட்டமிடல், புதிதாகக் கேட்டதை நினைவில் கொள்ளுதல் போன்றவற்றில் சரிவு சிறியது.

மின்சாரத்தை அணைத்துவிட்டால் இது திரும்பிவிடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் திரும்பாது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் எல்லோருக்கும் எலக்ட்ரோடு வைத்துவிட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் முதல் மூன்று மாதம் மின்சாரத்தை இயக்காமல் வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் சொல் வேகம் குறைந்தது. ஆக, கம்பி போன வழிக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. அடுத்த வருடம் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வு, எலக்ட்ரோடு காடேட் நியூக்ளியஸ் என்ற பகுதியைத் துளைத்துச் சென்றவர்களுக்குச் சிந்தனைத் திறன் கூடுதலாகச் சரிந்ததைக் காட்டியது. எம்ஆர்ஐயில் வழியைத் திட்டமிடும்போதே காடேட்டைத் தவிர்ப்பதற்கு இப்போது நல்ல அறுவை நிபுணர்கள் மெனக்கெடுகிறார்கள். உங்கள் நிபுணரிடம் இதை நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படித் தெரியும்? நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் ஒரு பதிலை யோசித்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது முறை அவர் வாயே திறக்கமாட்டார். அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டிவிடுவார்கள். தூண்டல் கூடினால் நாக்குக் குழறுவதும் உண்டு, அது வேறு பிரச்சினை. மின்சாரத்தைச் சரிசெய்தால் அது குறையும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஓர் எளிய அடையாளம்: சொல் உடனே வந்து உச்சரிப்பு தெளிவில்லாமல் இருந்தால் குழறல், உச்சரிப்பு நன்றாக இருந்து சொல் தாமதமாக வந்தால் வேகக் குறைவு.

மற்றபடி அறிவைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை. 2008இல் ஜெர்மனியில் 123 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டிபிஎஸ்ஸும் மற்றதற்கு மாத்திரை மட்டும் கொடுத்து ஆறு மாதம் கழித்துச் சோதித்தார்கள். பொது அறிவாற்றலில் வித்தியாசம் இல்லை. சொல் வேகமும், கவனத்தைத் திசைதிருப்பும் ஒன்றை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல்லும் வேகமும் டிபிஎஸ் பிரிவில் குறைந்தன, பதற்றம் தணிந்தது. அறுவை முடிந்த முதல் சில நாட்களில் சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, குழப்பம் வரும். நாள் தெரியாது, இடம் தெரியாது, இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அது தானாகத் தெளிந்துவிடும்.

ஏற்கெனவே மறதிநோய் தொடங்கியவருக்கு இதைச் செய்யக் கூடாது. அப்படிப்பட்டவரை அறுவைக்கு அனுப்பினால் நிலைமை வேகமாக மோசமாகலாம். முன்கூட்டியே இரண்டு மூன்று மணி நேரம் உட்காரவைத்துச் சோதனைகள் செய்வதே அதற்காகத்தான். ஐந்து, ஆறு வருடம் கழித்து மறதி வந்தால் பழி அறுவையின் மேல் விழும். ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளை இருபது வருடம் தொடர்ந்து கவனித்த சிட்னி ஆய்வில், அதுவரை உயிரோடு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருந்தது. நோயே அங்கேதான் கொண்டுபோகிறது.

இனி மனநிலை. டிபிஎஸ் பற்றிப் பேசும்போது மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் வீட்டில் மிக அதிகமாகச் சண்டை மூட்டுவதும் அக்கறையின்மைதான். உடம்பு நன்றாக அசைகிறது, நடை வந்துவிட்டது, சட்டைப் பித்தானைத் தானே போடுகிறார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். துக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார், அது உண்மையும்தான். எதிலும் ஆசை இல்லை, அவ்வளவே. "இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் சோம்பேறித்தனம் பார்" என்று பேச்சு வரும். அந்த அம்மா சொன்ன "மனுஷனே போயிட்டார்" அனேகமாக இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இதில் மாத்திரைக் குறைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளாக மாறும் லெவோடோபாவும், டோபமைனைப் போலவே வேலை செய்யும் அகோனிஸ்ட் மாத்திரைகளும் கைகாலுக்கு மட்டும் வேலை செய்வதில்லை. ஒன்றை விரும்பி அதை நோக்கி எழச் செய்யும் மூளைப் பாதைக்கும் டோபமைன்தான் எரிபொருள். கைகாலின் வேலையை மின்சாரம் ஏற்றுக்கொள்கிறது, விருப்பத்தின் வேலையை அது ஏற்றுக்கொள்வதில்லை. அகோனிஸ்ட்டை நிறுத்தி மற்ற மருந்தையும் வெகுவாகக் குறைத்த ஒரு பிரெஞ்சு ஆய்வு 2010இல் வந்தது. 63 பேரில் 34 பேருக்கு, சராசரியாக ஐந்தாவது மாதம் வாக்கில், அக்கறையின்மை வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் சரியானது. அதே குழு பின்னர் பிரிபெடில் என்ற அகோனிஸ்ட்டைக் கொடுத்துப் பார்த்து, அது பலன் தருவதையும் காட்டியது. எனவே மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் நடுவே அப்பா சோர்ந்து உட்கார்ந்தால், "மாத்திரையைக் குறைத்ததாலா?" என்பதே நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நோயாளிகள் பலர் மாத்திரை குறைவதை வெற்றியின் அளவுகோலாக எண்ணிக்கொண்டு, கூட்ட வேண்டும் என்றால் தோற்றுவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை ஆரம்பத்திலேயே போக்கிவிடுவது நல்லது.

மின்சாரம் நேரடியாக மனநிலையை எப்படிப் புரட்டும் என்பதற்கு 1999இல் பாரிஸிலிருந்து வெளியான ஒரு நோயாளியின் விவரம் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 65 வயதுப் பெண்மணி, மனச்சோர்வு முன்பு எப்போதும் வந்ததில்லை. அவருடைய எலக்ட்ரோடில் மின்சாரம் வெளிவரும் முனைகள் நான்கு இருந்தன. அவற்றில் ஒன்றைத் தூண்டியபோது, அது சற்றுக் கீழே சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியில் இருந்தது, அவர் முகம் வாடி, சாய்ந்து, அழத் தொடங்கினார். வாழவே பிடிக்கவில்லை என்றார். அணைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் அழுகை நின்றது. சிறிது நேரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வேறு முனையைத் தூண்டினால் அசைவு மட்டும் சீராகும், அழுகை இல்லை. புரோகிராமிங் என்று சொல்கிறார்களே, அதன் அருமை இதில் தெரியும். முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்ப வரச் சொல்லி முனைகளையும் அளவையும் மாற்றிப் பார்ப்பது வீண் அலைச்சல் இல்லை.

எதிர்த்திசைப் பிரச்சினை அளவுக்கு மீறிய உற்சாகம். உள்புறக் கீழ்நுனிக்கு மின்சாரம் போனால், தூக்கம் குறைந்து, பேச்சு பெருகி, பெரிய பெரிய திட்டங்கள் முளைக்கும். ஆரம்பத்தில் வீட்டாருக்கே சந்தோஷமாக இருக்கும், பழைய மனிதர் திரும்பிவிட்டார் என்று. பணம் கரையத் தொடங்கும்போதுதான் சந்தேகம் வரும். நெதர்லாந்தில் ஒருவருக்கு நடந்தது 2004இல் பதிவாகியிருக்கிறது. 62 வயது. தூண்டல் இருந்தால் நடமாட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் கடிவாளமில்லாத உற்சாகம், கடன் மேல் கடன். தூண்டலை அணைத்தால் மனம் தெளிவு, ஆனால் படுத்த படுக்கை. எந்த அளவிலும் இரண்டும் சேர்ந்து கிடைக்கவில்லை. கடைசியில் தூண்டலை அணைத்து, தெளிவாக இருந்த நிலையில் அவரிடமே கேட்டார்கள். மனநல மருத்துவமனையில் இருந்தாலும் பரவாயில்லை, தூண்டல் வேண்டும் என்றார். இப்படி இரண்டுங்கெட்டானாக முடிவது அபூர்வம். பெரும்பாலானோருக்கு முனையை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ அடங்கிவிடும்.

இந்த உற்சாகத்தோடு சேராமலே வருவது அவசரம். சப்தாலமிக் நியூக்ளியஸ் மூளையின் பிரேக் மாதிரி. இரண்டு நல்ல வாய்ப்புகளுக்கு நடுவே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்போது, "பொறு, யோசி" என்று ஒரு கணம் பிடித்து நிறுத்தும். 2007இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், தூண்டல் இல்லாதபோது நோயாளிகள் கடினமான தேர்வுகளில் நிதானித்தார்கள். தூண்டல் இருந்தபோது அந்த நிதானம் இல்லை. கடினமான தேர்வில் இன்னும் வேகமாகவே முடிவெடுத்தார்கள். வாழ்க்கையில் இது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான் தெரியும்: பேச்சில் குறுக்கே பாய்வது, சாலையைப் பார்க்காமல் கடப்பது, நடை உறுதியாகும் முன்பே மாடிப்படியில் இறங்குவது.

சூதாட்டம், கட்டுமீறிய வாங்கல், பாலுணர்வுத் தீவிரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இவற்றைப் பொதுவாகக் கிளப்பிவிடுவது டிபிஎஸ் இல்லை, மாத்திரை. 2010இல் 3,090 நோயாளிகளிடம் எடுத்த கணக்கில் 13.6 சதவீதம் பேருக்கு இத்தகைய பழக்கங்களில் ஏதோ ஒன்று இருந்தது. அகோனிஸ்ட் சாப்பிடுகிறவர்களில் 17 சதவீதம். டிபிஎஸ்ஸுக்குப் பிறகு அந்த மாத்திரை குறைவதால் இவை பலருக்கு அடங்கியே போகின்றன. சிலருக்குப் புதிதாக வருவதும் உண்டு. அப்பாவிடம் இப்போதே ரகசியமாக இப்படி ஏதாவது இருந்தால் அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் வரும் சிக்கல்தான் பெரிது.

தற்கொலை என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இந்தப் பதிலை முடிப்பது நியாயமாகாது. 2008இல் பல நாடுகளின் மையங்களைச் சேர்த்துப் பார்த்ததில், சப்தாலமிக் டிபிஎஸ் செய்துகொண்ட 5,311 பேரில் 24 பேர் தற்கொலை செய்துகொண்டிருந்தார்கள், 48 பேர் முயன்றிருந்தார்கள். முதல் வருடத்தில் ஆபத்து அதிகம். அறுவைக்குப் பிந்தைய மனச்சோர்வு, துணையில்லாமல் தனியாக இருப்பது, முன்பே கட்டுமீறிய பழக்கங்கள் இருந்தது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. அறுவை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட அமெரிக்கத் தரவில் தற்கொலை எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சிறியது. ஆனாலும் முதல் வருடம் அப்பா மனம் விட்டுப் பேசுவது நின்றுபோனால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது மூளையில் இல்லை. பாரிஸில் 29 நோயாளிகளை அறுவைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசிய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. உடம்பு தேறியும் பலருக்கு வேலையிலும் தாம்பத்தியத்திலும் புதிய விரிசல்கள். பத்து வருடமாக மனைவி ஊட்டிவிட்டு, உடுத்திவிட்டு, எல்லா முடிவும் எடுத்திருக்கிறார். ஒரே மாதத்தில் கணவர் எழுந்து, "நானே பார்த்துக்கறேன்" என்கிறார். யார் மாறினார்கள் என்று சொல்வது கடினம். "ஆளே மாறிட்டார்" என்ற புகாரில் இந்தப் பங்கு எவ்வளவு என்று அளந்து சொன்ன ஆய்வுகள் குறைவு. தத்துவப் பேராசிரியர்கள் எழுதிய கட்டுரைகளுக்கு மட்டும் பஞ்சமில்லை.

எலக்ட்ரோடு வைக்கும் இடத்தைப் பற்றியும் கேளுங்கள். சப்தாலமிக் நியூக்ளியஸுக்குப் பதில் குளோபஸ் பாலிடஸ் என்ற இடத்திலும் வைக்கலாம். 2010இல் 299 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டபோது அசைவில் பலன் ஒன்றேதான். சிந்தனை வேகமும் மனச்சோர்வு அளவும் பாலிடஸ் பக்கம் சற்று மேலாக இருந்தன, மாத்திரைக் குறைப்பு சப்தாலமிக் பக்கம் அதிகம். சோதனையில் அப்பாவின் சொல் வேகமோ கவனமோ இப்போதே எல்லைக்கோட்டில் இருந்தால், முன்பு மனச்சோர்வு வந்திருந்தால், நான் பாலிடஸைப் பற்றி யோசிக்கச் சொல்வேன். இப்போது பேசப்படும் அல்ட்ராசவுண்ட் முறையில் கம்பி இல்லை என்பது சரி, ஆனால் அது ஒரு புள்ளியைச் சுட்டு அழிப்பது. பிறகு அளவைக் குறைக்கவோ அணைக்கவோ முடியாது.

நீச்சல் தெரிந்தவரா அப்பா? 2020இல் சூரிச்சிலிருந்து ஒன்பது பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், டிபிஎஸ்ஸுக்குப் பிறகு தண்ணீரில் இறங்கியதும் கைகால்களை ஒருங்கிணைக்க முடியவில்லை. அறுவைக்குப் பிறகு தனியாகத் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள், அவர் மூளை, அவர் முடிவு. கூடவே, அவருக்கு எது முக்கியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சையே தொழிலாகக் கொண்ட வக்கீலுக்கும் ஆசிரியருக்கும் சொல் வேகம் குறைவது பெரிய இழப்பு. தோட்டத்திலும் பட்டறையிலும் கைவேலை செய்கிறவருக்கு அது ஒன்றுமே இல்லாமல் போகலாம். அறுவைக்கு முன் செய்த சோதனை முடிவுகளின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேறு வழியில்லை. ஒவ்வொரு புரோகிராமிங் சந்திப்புக்கும் அம்மா கூடப் போகட்டும். அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருப்பவர் டாக்டரிடம் "ரொம்ப நல்லா இருக்கேன்" என்பார், அக்கறையின்மையில் இருப்பவர் "ஒண்ணும் குறையில்ல" என்பார். இரண்டு பதிலுமே அவர்களைப் பொறுத்தவரை உண்மை. இரவு எத்தனை மணிக்கு எழுந்தார், போன வாரம் என்ன வாங்கினார், தானாக எதையாவது தொடங்கினாரா என்பதை அம்மாதான் சொல்ல முடியும். அதைக் கேட்டுத்தான் எந்த முனையை மாற்றுவது, எந்த மாத்திரையைக் கூட்டுவது என்று டாக்டர் முடிவு செய்வார்.